நானூற்றுப் பன்னிரண்டாம் நாள்

சோஹார் துறைமுகத்துக்குப் பின்னால்
உருக்காலையின் மூன்றாம் வாசலில் ஒரு பலகை.
வேலைநேரம் இழக்காத நாட்கள்: 411.
காலை ஆறே காலுக்கு ஏணியில் ஏறி
எண்ணை மாற்றுவது என் வேலை.
மற்றபடி அறிக்கை தட்டுகிறவன்.

ஆகஸ்ட் பதினேழு, இரவு பதினொன்று இருபது.
கன்வேயர் உருளைக்கும் காப்புத் தகட்டுக்கும் நடுவில்
வெள்ளைக்கண்ணுவின் வலது கை.

ஆக்ஸிடென்ட் என்று அடித்தேன்.
தோளுக்கு மேல் குனிந்த குரியன் சார்
இன்ஸிடென்ட் என்றார்.
என்ன சார் வித்தியாசம்?
"முதல் வார்த்தைக்கு ஆள் வருவான்.
ரெண்டாவதுக்கு ஃபைல் மட்டும் போகும்."

அழித்தேன்.
முதலில் இருந்த 'ஆ' மட்டும்
கண்ணுக்குள் கொஞ்ச நேரம் நின்றது.

அடுத்த கட்டம்: இழந்த ஃபிங்கர் எத்தனை.
ஒன்று போட்டேன்.
"ஜீரோ. போனது தம்ப்.
தம்ப், ஃபிங்கர் கணக்கில் வராது."

என் மொழியில் கட்டையும் விரல்தான்.
சுண்டுவிரலுக்கு உள்ள உரிமை
அதற்கும் உண்டு.
ஆங்கிலத்தில் எண்ணிப் பார்த்தேன்,
நாலோடு நின்றது கை.
மேசை விளிம்பைப் பற்றியிருந்த ஐந்தாவது
வேறு யாரோ மறந்து வைத்துவிட்டுப் போனது மாதிரி.

தம்புக்குக் கட்டம் இல்லை.
'அதர்ஸ்' இருந்தது.
அதில் ஒரு டிக்.

ஐந்தே முக்காலுக்கு
மருத்துவமனையிலிருந்து நேராக
கம்பெனி வண்டியில் கொண்டுவந்து இறக்கினார்கள்.
கட்டுப் போட்ட கையை
அடுத்தவர் குழந்தையைப் போல நெஞ்சோடு வைத்துக்கொண்டு
என் எதிர் நாற்காலியில் உட்கார்ந்தான்.
ஏசியில் அவனுக்கு நடுங்கியது.

வந்துவிட்டால் நாள் இழக்கவில்லை.
இழக்கவில்லையென்றால் பலகை பின்னோக்கிப் போகாது.
ஆனால் வருகை இயந்திரத்துக்கு
அவனுடைய வலது கட்டைவிரல்தான் தெரியும்.
நுழைந்தவனை அது
ஆப்சென்ட் என்றே சொல்லிக்கொண்டிருந்தது,
குரியன் சார் வந்து
இடது ஆள்காட்டி விரலைப் பதியவைக்கும் வரை.

"என்னப்பா எழுதின, தமிழ்ல சொல்லு."

இன்ஸிடென்டுக்குச் சொல் தேடினேன்.
விபத்து என்றால் பழைய வார்த்தைக்கே போய்விடும்.
"நேத்து ராத்திரி ஒரு நிகழ்ச்சி நடந்ததுன்னு…"

"நிகழ்ச்சியா?"
சிரித்தான். கை அசைந்து வலித்து நிறுத்தினான்.
"பாட்டுக் கச்சேரி உண்டா?
பொன்னாடை யாரு போத்துனா?"

நான் சிரிக்கவில்லை.
காகிதத்தை அவன் பக்கம் திருப்பி வைத்தேன்.
கடைசி வரியில் கையெழுத்து.
அறந்தாங்கி ஐடிஐயில் ஃபிட்டர் படித்தவன்,
'வெ'யின் கொம்பை நீளமாகச் சுழித்துப் போடுவான்,
சம்பளத் தாள்களில் பார்த்திருக்கிறேன்.
பேனாவை இடது கையில் வாங்கினான்.
தாள் நழுவியது. இன்னொரு முறை.
மூன்றாம் முறை பேனாவை மூடி வைத்துவிட்டு
மைப்பெட்டியைக் கேட்டான்.

"கையெழுத்துக்கும் கைநாட்டுக்கும்
இங்கிலீஷ்ல என்ன வித்தியாசம் போட்டிருக்கு?"

"ரெண்டும் ஒரே கட்டம்தான். நடுவுல ஒரு கோடு."

இடது கட்டைவிரலை உருட்டினான்.
நன்றாகவே விழுந்தது, ஒவ்வொரு ரேகையும்.
படிவத்தில் அவன் எழுத்து என்று எதுவும் இல்லை.

மணி ஆறு பத்து.
லைட் டியூட்டி என்ன கொடுப்பது என்று
குரியன் சாருக்குத் தெரியவில்லை.
சுற்றிப் பார்த்துவிட்டு என்னைக் காட்டினார்.

மூன்றாம் வாசலில்
கடற்பக்கத்துப் புழுக்கம் அதற்குள் ஏறிவிட்டது.
நான் ஏறினேன்.
கீழே இடது கையால் ஏணியைப் பிடித்துக்கொண்டான்.
கடைசித் தகட்டிலிருந்த ஒன்றைக் கழற்றி
சட்டைப்பையில் போட்டுக்கொண்டு
இரண்டை மாட்டினேன்.

"கொஞ்சம் சாஞ்சிருக்கு பாரு,"
என்றான் கீழேயிருந்து.